பூனைக்காலியும் மடி வேஷ்டியும்

எனக்குச் செடிகொடி என்றால் உயிர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஜூனியர் காலேஜில் பாட்டனி நடத்தியவளுக்கு வேறென்ன பிடிக்கும் என்று பிறந்தநாளுக்குத் தொட்டியோடு எதையாவது கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் பூனைக்காலி என்ற கொடியின் பெயரைக் கேட்டால் மட்டும் எனக்கு அருவருப்பு. அந்த அருவருப்பில் கொடிக்குச் சேர வேண்டியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் எனக்குச் சேர வேண்டியது.

செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி மூன்று மாடிப் பழைய கட்டடம். பின்பக்கம் ஒரு சந்து, சந்து முடிந்தால் மதில், மதிலுக்கு அப்பால் ஒரு காலி மனை. அண்ணன் தம்பி வழக்கில் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. அதில் சூபாபுல் மரங்கள் தாமாக முளைத்து வளர்ந்திருந்தன. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்த மரங்களின் மேல் ஒரு கொடி ஏறியது. அக்டோபரில் மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்தபோது அது மதிலையும் தாண்டி எங்கள் சந்துக்குள் தலையை நீட்டியிருந்தது.

எங்கள் வாட்ச்மேன் ரத்னகிரிப் பக்கத்து ஆள். அவர்தான் முதலில் பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "மேடம், இது காஜ்குயிலி. காய் விட்டால் இங்கே ஒருத்தரும் நிற்க முடியாது. இப்போதே வெட்டிவிடலாம்" என்று ஹிந்தியில் சொன்னார். காஜ் என்றால் மராத்தியில் அரிப்பு. என்னிடம் கேட்காமல் வெட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. படித்தவளாயிற்றே என்று கேட்டுத் தொலைத்தார்.

நான் பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலை நேராக இருந்தது. பக்கத்து இலைகள் இரண்டும் வெளிப்புறம் வீங்கிக் கோணலாக இருந்தன. அவரை, மொச்சை, துவரை எல்லாவற்றுக்கும் இது பங்காளி. மதிலிலிருந்து பூங்கொத்துகள் முழ நீளத்துக்குத் தொங்கின. கத்தரிப்பூ நிறத்தையும் தாண்டிக் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்ட ஊதா. இத்தனை வருஷத்தில், செடிகளை உலர்த்தி ஒட்டிச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்துக்கு எனக்குக் கிடைக்காத கொடி, வீட்டுக் கொல்லையிலேயே வந்து தொங்குகிறது. எனக்கு அதை வெட்ட மனசில்லை. அதுதான் உண்மைக் காரணம். ஆனால் அதை அப்படியே சொல்லாமல் படிப்பை முன்னால் நிறுத்தினேன்.

பூனைக்காலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று மருந்துக்காகவும் மாட்டுத் தீவனத்துக்காகவும் வளர்ப்பது. அதன் காயில் வெளுத்த மெல்லிய முடிதான் இருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது. இன்னொன்று காட்டு வகை. அதன் காயில் பொன்னும் பழுப்புமாகச் சுணை மண்டிக் கிடக்கும். ஒவ்வொரு சுணையும் ஒரு குட்டி ஊசி. தோலில் ஏறினால் எரியும், அரிக்கும், தடிக்கும். இலையையும் பூவையும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். காய் வரும்வரை பொறுத்துத்தான் சொல்ல முடியும். இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் டைப் அடித்தேன். சந்தில் வளரும் கொடி மருத்துவ குணமுள்ள வளர்ப்பு வகை, அது அரிக்காது, யாரும் வெட்ட வேண்டாம். கீழே என் பெயர், பட்டம், ஓய்வுபெற்ற விரிவுரையாளர் என்ற வால். கீழ்த்தளத்தில் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டில் அதை வைத்துப் பூட்டினேன். அன்று சாயங்காலம் ஒரு பூங்கொத்தைப் பறித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினேன். பறிக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பூவைத் தாங்கும் கிண்ணத்திலேயே சுணை இருந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தூசி என்று விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் பூவெல்லாம் கரியாகக் கறுத்துப் போயிருந்தது.

டிசம்பரில் காய் முற்றியது. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். பெருவிரல் நீளத்தில், வளைந்து நெளிந்து, கொத்துக் கொத்தாக. வெயில் பட்டால் பொன் நிறத்தில் மின்னின. வெளுத்த முடி ஒன்றுகூட இல்லை. அசல் காட்டு வகை. கையில் தோசைக்கரண்டியோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டில் பூட்டிய காகிதம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. சந்து வழியாக நடப்பவர்கள் நினைவுக்கு வரவில்லை. பொங்கல் போகட்டும், சத்தமில்லாமல் ஆள் வைத்து வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ரத்னகிரி வாட்ச்மேனை அதற்குள் ஏஜென்சிக்காரர்கள் வாஷிக்கு மாற்றியிருந்தார்கள். ஆக, அது என்ன கொடி என்று தெரிந்தவள் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

எங்கள் கட்டடத்தில் ஐந்து வீடுகளுக்கு ஒரே பெண்தான் வேலை செய்தாள். அதில் என் வீடும் ஒன்று. நாற்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியிலிருந்து பஸ் பிடித்து வருவாள். படிக்கட்டு, நோட்டீஸ் போர்டு கண்ணாடி, பின் சந்து மூன்றையும் துடைத்துப் பெருக்குவதும் அவள்தான். சந்தில் உதிர்ந்த சருகைக் கையால் அள்ளிச் சாக்கில் போடுவாள். புருஷனுக்கு முதுகெலும்பில் ஏதோ கோளாறு, வேலைக்குப் போவதில்லை. இந்த ஐந்து வீடுகளை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மார்கழி பாதியில் அவள் சொறிய ஆரம்பித்தாள். முதலில் முழங்கை, பிறகு கழுத்து. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தோள்பட்டையைக் கன்னத்தால் தேய்ப்பாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு வந்தாள். அது இன்னும் வினையாகப் போயிற்று. மஞ்சள் பூசிய தடிப்புகளைப் பார்த்ததும் கட்டடம் முழுவதும் பேச்சு பரவியது. முதல் மாடிப் பெண்மணி, "தாராவியிலேந்து சொறியைக் கொண்டுவந்திருக்கா" என்றாள். ஒருத்தி சோப்புத் தூளை அவள் கையில் படாமல் உயரத்திலிருந்து கொட்டினாள். இன்னொருத்தி அவள் துடைத்த இடத்தை டெட்டால் போட்டு மறுபடி துடைத்தாள். எனக்கு அவர்களைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது. அவர்களை வெறுத்துக்கொண்டிருக்கும்வரை என்னை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பது இப்போது புரிகிறது.

அடுத்து வந்தது மடி வேஷ்டி விவகாரம்.

எங்கள் சொசைட்டி செக்ரட்டரி பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையரானவர். என்னைப் போலவே பாலக்காட்டுக் குடும்பம். மார்கழி மாசம் விடிகாலையில் குளித்து, மடியாகப் பூஜை செய்வார். மடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூஜைக்குக் கட்டும் வேஷ்டியை அவரே நனைத்துப் பிழிந்து, எட்டாத உயரத்தில் கட்டிய மூங்கிலில் கோலால் தூக்கிப் போட்டு உலர்த்துவார். மறுநாள் குளித்துவிட்டுக் கோலால் அதை எடுத்துக் கட்டிக்கொள்வார். நடுவில் வேறு யாரும் தொடக் கூடாது. பெண்டாட்டிகூடத் தொடக் கூடாது. எங்கள் வீட்டிலும் அப்பா காலத்தில் இருந்த பழக்கம்தான்.

அந்த மூங்கில் இருந்தது பின்பக்கத்து பால்கனியில், கொடிக்கு நேர் எதிரே. ஜனவரிக் காற்றில் காய்ந்த சுணை பறந்து வந்து நாள் முழுக்க அந்த ஈர வேஷ்டியில் ஒட்டியிருக்கிறது. யாராவது தொட்டு உதறியிருந்தால் பாதியாவது விழுந்திருக்கும். மடியாயிற்றே, யார் தொடுவது? அதைப் பஞ்சகச்சமாகக் கட்டிக்கொண்டு அவர் பூஜைக்கு உட்கார்ந்தார். பஞ்சகச்சம் எதன் நடுவே போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மணிச் சத்தம் பாதியில் நின்றதை மாடி முழுவதும் கேட்டோம். மனுஷன் மறுபடி குளித்திருக்கிறார். தோலில் ஒட்டிய சுணை தண்ணீர் பட்டால் இன்னும் பரவும். தீட்டுப்பட்ட வேஷ்டி என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே மூங்கிலிலிருந்து இன்னொரு மடி வேஷ்டியை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று காலை பத்து மணிக்கு அவள் என் வீட்டுப் பாத்திரங்களை முடித்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, எனக்குச் சொறி இல்ல. எங்க வீட்ல ஒருத்தருக்கும் இல்ல. இங்கன சந்து கூட்டுத அன்னைக்கு மட்டுந்தான் அரிக்கு. ஞாயித்துக்கிழம லீவுல்லா, அன்னைக்கு ஒண்ணுமே இருக்காது. திங்கக்கிழம வந்தா திரும்ப ஆரம்பிச்சிருது. நான் சொன்னா யாரு கேக்கா? நீங்க படிச்சவுக. அவுகட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

முப்பது வருஷம் நான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது இதைத்தான். பார், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று குறித்துக்கொள், பிறகு சொல். பட்டம் வாங்கிய நான் செய்யாததைப் பள்ளிக்கூடம் தாண்டாத அவள் செய்திருந்தாள். "சொல்றேன்" என்றேன். கலமைன் லோஷன் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் செக்ரட்டரி வீட்டு ஹாலில் மீட்டிங். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியவில்லை.

"அவ கை பட்டிருக்கு. படாம இப்படி வருமோ?" என்றார்.

"அதெப்படி? அந்த மூங்கிலை நானே தொடமாட்டேனே. பால்கனிப் பக்கம் அவளை விடறதே இல்லையே" என்றாள் அவர் மனைவி.

அந்த வீட்டில் கேட்ட ஒரே நியாயமான வார்த்தை அதுதான். யார் தொட்டால் தீட்டு என்று அந்த வேஷ்டியை அவ்வளவு உயரத்தில் போட்டார்களோ, அவள் குற்றமற்றவள் என்பதற்கு அந்த உயரமே சாட்சி. ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. நாம் இல்லாத நேரத்தில் தொட்டிருப்பாள் என்றார்கள்.

நான் தொண்டையைச் செருமினேன். "பின்னாடி ஒரு கொடி இருக்கு, சார்..."

"அதுதான் அரிக்காதுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கேளே, டீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதையோடுதான் பார்த்தார்கள். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்" என்றேன்.

மறுநாள் காலை, மீட்டிங்கில் முடிவு செய்தபடி, புது வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். கையில் டிபன் பையோடு நின்றவள் அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இதை எழுதும்போதும் என் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்று நாள் போயிற்று. அவள் வரவில்லை, அரிப்பு மட்டும் நின்றபாடில்லை. செக்ரட்டரி தினம் ஒரு மடி வேஷ்டி, தினம் ஒரு துள்ளல். அவள் மூங்கிலையே தொட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். நான்காம் நாள் போனும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். சுற்றுவட்டாரத்து சொசைட்டி செக்ரட்டரிகளுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் போட ஒரு செய்தி தயாரித்திருந்தார். அவள் பெயர், போட்டோ, தொற்றுவியாதி, வேலைக்கு வைக்காதீர்கள்.

"இங்கிலீஷைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ, டீச்சர்" என்றார்.

போட்டோவில் அவள் பொங்கல் இனாம் புடவையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் எங்கள் வாசலில் நானே எடுத்து எங்கள் சொசைட்டி குரூப்பில் போட்ட படம். இந்தச் செய்தி போய்விட்டால் செம்பூரில் ஒரு வாசலும் அவளுக்குத் திறக்காது. "இங்கேயே இருங்கோ, அனுப்பிடாதீங்கோ" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். ஒரு காயைக் கிள்ளி எடுத்து வந்தேன். அவர் கண்ணெதிரே புடவைத் தலைப்பை ஒதுக்கி, இடது முழங்கையில் அந்தக் காயை ஒரு இழுப்பு இழுத்தேன்.

நிமிஷம் கூட ஆகவில்லை. தீயை வைத்தாற்போல் எரிந்தது. பிறகு அரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவர் கண்ணெதிரிலேயே தடிப்பு தடிப்பாக எழுந்தது. அவள் கையில் இருந்த அதே தடிப்பு.

"இதுதான் சார் உங்க வேஷ்டியில இருக்கறது. அவ தொடலை. காத்துல வந்தது. நான் எழுதினது தப்பு. தப்புன்னு ஒரு மாசம் முன்னாடியே தெரியும். வாயைத் திறக்கலை."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என் கையைக் குனிந்து பார்த்தார், ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்போ அவ தொடலை" என்றார். "மடி கெடலை. ஒரு மாசப் பூஜையும் வீணாப் போகலை. அப்பாடா."

அவ்வளவுதான். அவருக்கு வந்த சந்தேகமும் அதுதான், கிடைத்த நிம்மதியும் அதுதான். செய்தியை அழித்துவிட்டு, வரச்சொல்லிடலாம் என்று சொல்லிவிட்டு, காலை அகட்டி அகட்டிப் படியேறிப் போனார். நான் செல்லோடேப்பைக் கையில் ஒட்டி ஒட்டிப் பிய்த்துச் சுணையை எடுத்தேன். மறுநாள் தலையிலிருந்து கால்வரை மூடிய இரண்டு ஆட்கள் வந்து, கொடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து வெட்டி, சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். போர்டைத் திறந்து என் காகிதத்தை எடுத்துக் கிழித்தேன். கட்டடத்தில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர்தான் கண்டுபிடித்தார் என்று பேச்சு பரவியிருந்தது. படிக்கட்டில் ஒருத்தி கைகூட குலுக்கினாள். கூசிப் போனேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்தாள். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும், உள்ளே வருவதற்கு முன், இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் திருப்பிக் காட்டினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வாசலிலும் அப்படிக் காட்டினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு, என் முழங்கையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கொடியை வெட்டவிடாமல் செய்தது நான். அரிக்காது என்று எழுதியது நான். கீழே போர்டில் இருந்த காகிதம் அதுதான்.

"நான் தெனமும் தொடைப்பேனே, அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த காயிதமா?" என்றாள்.

"அதேதான்."

அவள் என் முழங்கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நான் வந்து உங்ககிட்ட கேட்டேம்லாக்கா, ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

"தெரியும்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள்.

ஒரு மாதத்துக்குள் மற்ற நான்கு வீடுகளிலும் அவள் கை காட்டுவதை விட்டுவிட்டாள். செக்ரட்டரி வீட்டில்கூட நேராக உள்ளே போகிறாள். வருஷங்கள் ஆகிவிட்டன. சந்தில் இப்போது சிமென்ட் போட்டாயிற்று, ஒரு புல் கிடையாது. என் வாசலில் மட்டும் இன்றைக்கும், காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டுகிறாள், திருப்பிக் காட்டுகிறாள். நான் பார்த்து முடிக்கும்வரை உள்ளே வருவதில்லை.